ஸ்பைடர் லில்லியை விதையால் அடையாளம் கண்ட பாதிரியார்

நான்கு வழிச் சாலையின் நடுத்திட்டு, கல்லூரி வளாகம், வீட்டு வாசல் என இப்போது எங்கும் தென்படும் கிழங்குச் செடி ஸ்பைடர் லில்லி. பட்டையான கரும்பச்சை இலைகளுக்கு நடுவே ஒரு தண்டு எழும். அதன் நுனியில் வெள்ளைப் பூங்கொத்து. ஒவ்வொரு பூவிலும் சிலந்தியின் கால்களைப் போல ஆறு நீண்ட மெல்லிய இதழ்கள். நடுவில் மகரந்தத் தாள்களை ஒன்றாகக் கோத்துவைத்த சவ்வுக் கிண்ணம். மாலையில் விரிந்து இரவில் மணக்கும்.

ஆனால், ஸ்பைடர் லில்லி என்ற பெயரில் அழைக்கப்படுவது ஒரே செடி அல்ல. ஜப்பானில் நெல்வயல் வரப்புகளில் சிவப்பாகப் பூப்பதும் ஸ்பைடர் லில்லிதான். நம் கடற்கரைகளிலும் பூங்காக்களிலும் பெரிய கிழங்கோடு வளரும் விஷமூங்கிலையும் சிலர் அப்படியே அழைக்கிறார்கள். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இந்தக் கிழங்குச் செடிகளை, பூவை மட்டும் பார்க்காமல் விதை, கிழங்கு, பூக்கும் பருவம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பிரித்து அடுக்கியவர்களில் முதன்மையானவர் இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் ஹெர்பர்ட். தொழிலால் அவர் தேவாலயப் பாதிரியார். தாவரவியலில் பட்டம் பெற்றவரும் அல்ல. ஆனாலும் டார்வினும் மெண்டலும் தங்கள் ஆய்வுகளில் அவருடைய பெயரைக் குறிப்பிட்டார்கள்.

பிரபுவின் மகன்

1778 ஜனவரி 12 அன்று ஹைகிளேர் மாளிகையில் ஹெர்பர்ட் பிறந்தார். தந்தை கார்னர்வன் பிரபு. அந்நாட்டு வழக்கப்படி பட்டமும் நிலமும் மூத்த மகனுக்கே சேரும். மூன்றாவது மகனான ஹெர்பர்ட் தனக்கென ஒரு வழியைத் தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. ஈட்டன் பள்ளியிலும் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்திலும் படித்தார். கிரேக்கமும் லத்தீனும் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஐஸ்லாந்தின் பழம்பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்து 1804-ல் வெளியிட்டார். சட்டத் துறையிலும் ஈடுபட்டார். 1806-ல் ஹாம்ப்ஷயர் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றார். 1811-ல் கிரிக்லேடு தொகுதியிலிருந்து மீண்டும் சென்றார்.

அரசியலில் அவர் நீடிக்கவில்லை. 1814-ல் தேவாலயப் பணியை ஏற்று, யார்க்ஷயர் வட்டாரத்தில் உள்ள ஸ்போஃபோர்த் என்ற கிராமத்துக்குப் பாதிரியாராகச் சென்றார். அடுத்த 26 ஆண்டுகள் அங்கேதான். வாரம்தோறும் பிரசங்கம், ஊராரின் திருமணம், அடக்கம் என்ற கடமைகளுக்கு நடுவே அவருக்குத் தோட்டமும் கண்ணாடிக் கூடமும் இருந்தன. அவற்றில் கிழங்குகளைச் சேர்க்கத் தொடங்கினார்.

கப்பலில் வந்த கிழங்குகள்

அன்றைய இங்கிலாந்துக்குத் தென்னாப்பிரிக்கா, பிரேசில், மேற்கிந்தியத் தீவுகள், சீனா, இந்தியா என்று எல்லாத் திசைகளிலிருந்தும் கப்பல்கள் வந்தன. நீண்ட கடல் பயணத்தில் பச்சைச் செடிகள் உப்புக் காற்றிலும் தண்ணீர்ப் பற்றாக்குறையிலும் செத்துப்போகும். கிழங்கு அப்படியல்ல. தனக்கு வேண்டிய உணவையும் ஈரத்தையும் செதில்களுக்குள் அடக்கிவைத்திருப்பதால், மாதக்கணக்கில் பெட்டிக்குள் கிடந்தாலும் மண்ணைத் தொட்டதும் தளிர்க்கும். அதனால் கிழங்குச் செடிகள் ஏராளமாக ஐரோப்பாவுக்கு வந்து சேர்ந்தன. பெயரில்லாமல் வந்தவை பல, தவறான பெயரோடு வந்தவை அதைவிடப் பல.

இந்தியாவிலிருந்தும் அவருக்குக் கிழங்குகள் கிடைத்தன. கல்கத்தா தாவரவியல் பூங்காவின் பொறுப்பாளர் நத்தேனியல் வாலிச், செராம்பூரில் இருந்த வில்லியம் கேரி ஆகிய இருவரும் கிரைனம் இனச் செடிகளில் ஆர்வம் கொண்டவர்கள். நம் விஷமூங்கில் இந்தக் கிரைனம் இனத்தைச் சேர்ந்தது. இந்தியாவின் வேளாண், தோட்டக்கலைச் சங்கத்தை 1820-ல் கல்கத்தாவில் தொடங்கிய கேரியின் நினைவாக ஒரு கிரைனத்துக்கு ஹெர்பர்ட் பெயர் வைத்தார். வாலிச் தன் பங்குக்கு இன்னொரு கிரைனத்துக்கு ஹெர்பர்ட்டின் பெயரைச் சூட்டினார்.

விதை சொன்ன சேதி

கடற்கரை மணலில் பூக்கும் ஐரோப்பியச் செடிகள், இலங்கை, இந்தியக் காடுகளில் மழைக்குப் பின் பூக்கும் சிறு செடிகள், அமெரிக்கச் சதுப்புகளில் வளரும் பெரிய செடிகள் என்று, நடுவில் சவ்வுக் கிண்ணம் கொண்ட வெள்ளைப் பூக்கள் எல்லாவற்றையும் லின்னேயஸ் காலத்து அறிஞர்கள் பேன்கிரேஷியம் என்ற ஒரே இனத்தில் போட்டிருந்தார்கள். அமெரிக்கச் செடிகள் தனி என்று சொல்லி, 1812-ல் சாலிஸ்பரி என்ற தாவரவியலாளர் அவற்றுக்கு ஹைமினோகாலிஸ் என்று பெயரிட்டார். அழகிய சவ்வு என்பது அதன் பொருள். நம் சாலையோர ஸ்பைடர் லில்லி இதுதான்.

அந்தப் பிரிவு சரிதான் என்பதைப் பல செடிகளை வளர்த்துப் பார்த்து விரித்து எழுதியவர் ஹெர்பர்ட். பூவை மட்டும் பார்த்தால் இரண்டும் அக்கா தங்கைபோல் தெரியும். காய் முற்றும்வரை காத்திருந்தால் வேறுபாடு புரியும். பழைய உலகத்துப் பேன்கிரேஷியத்தின் விதை கறுப்பாக, உலர்ந்து, கோணலாக இருக்கும். அமெரிக்க ஹைமினோகாலிஸின் விதை பச்சையாக, சதைப்பற்றோடு, சிறு காயைப்போல் உருண்டிருக்கும். உலர்ந்த விதை நல்ல மழை வரும்வரை காத்துக் கிடக்கும். சதைப்பற்றான விதையோ காத்திராது. தன் ஈரத்தைக்கொண்டே சீக்கிரம் முளைக்கும். இப்படி விதையைப் பார்த்தே அந்தச் செடிக்கு எப்படிப்பட்ட நிலம் பழக்கம் என்று ஊகிக்கலாம்.

இந்த முறையில் குழப்பமாகக் கிடந்த அமரில்லிஸ் குடும்பத்தை அவர் அடுக்கினார். 1820-ஐ ஒட்டிய சில ஆண்டுகளில் அவர் வைத்த இனப் பெயர்கள் இன்றும் உலகெங்கும் வழக்கில் உள்ளன. ஜப்பானிய சிவப்பு ஸ்பைடர் லில்லியின் இனத்துக்கு, பண்டைய ரோம் நகரத்து அழகி ஒருத்தியின் பெயரால் லைகோரிஸ் என்று பெயரிட்டார். மழை பெய்த மறுவாரம் நம் வீட்டுத் தொட்டிகளில் இளஞ்சிவப்பாகவும் வெள்ளையாகவும் பூக்கும் ரெயின் லில்லிக்கு ஜெபிராந்தஸ் என்ற பெயர் அவர் தந்தது. மேற்குக் காற்றின் மலர் என்று பொருள். கோடையில் பெரிய எக்காளம்போல் சிவப்பாகப் பூப்பதை நாம் அமரில்லிஸ் என்றே அழைக்கிறோம். அதற்கு அவர் வைத்த சரியான பெயர் ஹிப்பியாஸ்ட்ரம், அதாவது குதிரைவீரனின் நட்சத்திரம்.

பெரிய வழக்கு

பெயர் வைப்பதோடு அவர் நிற்கவில்லை. ஒரு செடியின் மகரந்தத்தை இன்னொன்றின் சூல்முடியில் வைத்துக் கலப்பினம் உண்டாக்கும் வேலையில் இறங்கினார். அன்று அது வெறும் தோட்டக்கலை வேலையாகப் பார்க்கப்படவில்லை. ஒவ்வொரு சிற்றினத்தையும் கடவுள் தனித்தனியாகப் படைத்தார், அவற்றுக்கு இடையே உள்ள வேலியை யாரும் தாண்ட முடியாது என்ற நம்பிக்கை வலுவாக இருந்த காலம் அது. தோட்டக்கலைச் சங்கத்தின் தலைவரும் பழமர ஆய்வில் பெரும் புகழ் பெற்றவருமான தாமஸ் ஆண்ட்ரூ நைட் ஓர் அளவுகோல் வைத்திருந்தார். இரண்டு செடிகளைக் கலந்தால் பிறக்கும் செடி மலடாக இருந்தால் அவை வேறு வேறு சிற்றினங்கள். வளமாக விதை கட்டினால் அவை ஒரே சிற்றினத்தின் ரகங்கள்.

1819-ல் தோட்டக்கலைச் சங்க வெளியீட்டில் எழுதிய கட்டுரையில் ஹெர்பர்ட் இதை மறுத்தார். பல சிற்றினங்கள் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட செடிகளைக் கலந்தபோது விதை கட்டும் பிள்ளைகள் பிறந்ததை அவர் கண்டிருந்தார். நெருங்கிய உறவு என்று நினைத்த சில செடிகளோ கலக்க மறுத்தன. எனவே மலட்டுத்தன்மையை அளவுகோலாக வைக்க முடியாது என்றார். ஆதியில் சில பேரினங்களே இருந்திருக்க வேண்டும், மண்ணும் தட்பவெப்பமும் மாற மாற அவை பல சிற்றினங்களாகக் கிளைத்திருக்க வேண்டும் என்பது அவருடைய முடிவு. டார்வினின் நூல் வருவதற்கு 40 ஆண்டுகளுக்கு முன்பு, பிரசங்க மேடை ஏறும் ஒருவர் இப்படி எழுதியது சாதாரண விஷயம் அல்ல. அதில் நம்பிக்கைக்கு விரோதம் எதுவும் இருப்பதாக அவர் கருதவில்லை. தோட்டத்தில் கண்டதை மறைப்பதே தவறு என்று நினைத்தவர் அவர்.

கிரைனமும் ஹிப்பியாஸ்ட்ரமும்

அவருடைய கைக்கு மிகவும் பழகியவை கிரைனம் செடிகள். தென்னாப்பிரிக்கக் கிரைனம் ஒன்றின் பூவில் வேறொரு கிரைனத்தின் மகரந்தத்தை வைத்தபோது, காயில் இருந்த ஒவ்வொரு சூலும் விதையாகி ஒவ்வொரு விதையும் செடியானது. அதே செடி தன் மகரந்தத்தால் காய்த்தபோது அவ்வளவு முழுமையாக விதை கட்டியதை அவர் பார்த்ததே இல்லை.

இன்னொரு சோதனை இன்னும் வியப்பானது. ஹிப்பியாஸ்ட்ரம் தண்டு ஒன்றில் நான்கு பூக்கள் மலர்ந்தன. மூன்றுக்கு அதன் மகரந்தத்தையே வைத்தார். நான்காவதற்கு, மூன்று சிற்றினங்களின் வழியில் வந்த ஒரு கலப்பினத்தின் மகரந்தத்தை வைத்தார். முதல் மூன்றின் சூலகமும் சில நாட்களில் வளர்ச்சி நின்று உதிர்ந்தது. நான்காவது மட்டும் திமுதிமுவென்று பருத்து, நல்ல விதையாக முற்றி, முளைத்தது. ஒருமுறை நடந்ததை வைத்து முடிவுகட்டும் பழக்கம் அவருக்கு இல்லை. ஐந்து ஆண்டுகள் அதையே திரும்பத் திரும்பச் செய்து பார்த்து, ஒரே விளைவு வருவதை 1839-ல் கடிதமாக எழுதினார். அந்தக் கடிதத்தைப் பெற்றவர் சார்லஸ் டார்வின். 20 ஆண்டுகள் கழித்து வந்த உயிரினங்களின் தோற்றம் என்ற நூலில் இந்தச் சோதனையையும் கிரைனம் சோதனையையும் டார்வின் விரிவாக எடுத்துக்காட்டினார்.

தன் மகரந்தத்தை ஏற்காத செடிகள் உண்டு என்பதை இன்று தன்மலட்டுத்தன்மை என்கிறோம். பழத்தோட்டத்தில் ஒரே ரகத்தை மட்டும் நட்டால் சில பயிர்களில் காய்ப்பு குறைவதற்கு இதுவும் காரணம்.

ஊரார் கையில் டாஃபடில்

இங்கிலாந்தின் வசந்தகால மலரான டாஃபடில், நார்சிசஸ் என்ற கிழங்கு இனத்தைச் சேர்ந்தது. அதில் தனிச் சிற்றினங்கள் என்று நூல்களில் ஏறியிருந்த சில செடிகள் உண்மையில் இயற்கையில் உண்டான கலப்பினங்களே என்று ஹெர்பர்ட் சந்தேகித்தார். சந்தேகத்தை வாதத்தால் அல்ல, விதையால் தீர்த்தார். காட்டு டாஃபடிலையும் கவிஞர் நார்சிசஸ் என்று அழைக்கப்படும் செடியையும் கலந்து, நூலில் தனிச் சிற்றினமாக இருந்த ஒரு செடியைத் தன் தோட்டத்திலேயே பிறக்க வைத்துக் காட்டினார். விதையிலிருந்து டாஃபடில் பூக்க நான்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதுவரை பாத்தியில் களை எடுத்து, அட்டையில் குறித்து வைத்து, எலி தின்னாமல் காத்தால்தான் விடை கிடைக்கும்.

1843-ல் இந்த முடிவுகளை வெளியிட்டபோது, கலப்பின வேலையைச் செல்வர்களின் கண்ணாடிக் கூடத்தோடு நிறுத்த வேண்டாம் என்றும் சொன்னார். ஒரு சன்னல் ஓரமும் சிறு பாத்தியும் உள்ள எளிய தொழிலாளியும் விதை போட்டுப் புதுப் பூ காணலாம் என்று ஊக்கினார். டார்லிங்டன் பகுதி வங்கியாளர் வில்லியம் பேக்ஹவுஸ், மான்செஸ்டரைச் சேர்ந்த எட்வர்ட் லீட்ஸ் போன்ற ஆர்வலர்கள் அந்த வழியில் இறங்கினார்கள். இன்று சந்தைக்கு வரும் டாஃபடில் ரகங்கள் பலவற்றின் பாட்டன் பூட்டன் அவர்கள் வளர்த்த செடிகளே.

செடி நிற்கும் இடமும் விரும்பும் இடமும்

விவசாயிகளுக்கு நெருக்கமான இன்னொரு பாடத்தையும் ஹெர்பர்ட் சொல்லிச் சென்றார். 1846-ல், செடிகளின் வாழிடம் பற்றி எழுதிய கட்டுரையில் அது வருகிறது. ஒரு செடி காட்டில் எங்கே வளர்கிறதோ அதுவே அதற்குப் பிடித்த இடம் என்று தோட்டக்காரர்கள் நினைப்பார்கள். சதுப்பில் கண்டால் சதுப்பிலும், பாறையில் கண்டால் பாறையிலும் வைப்பார்கள். அப்படி இருக்க வேண்டியதில்லை என்றார் ஹெர்பர்ட். செடிகள் ஒன்றோடு ஒன்று ஓயாமல் போராடுகின்றன. வலுவானவை நல்ல மண்ணைப் பிடித்துக்கொள்ளும். மற்றவை, தங்களை நெருக்கி வெளியேற்ற ஆளில்லாத மூலையில் ஒதுங்கிப் பிழைக்கும். போட்டியை நீக்கிவிட்டால் பல செடிகள் வேறு மண்ணில் இன்னும் செழிப்பாக வளரும்.

நம் ஸ்பைடர் லில்லியே இதற்குச் சாட்சி. அது அமெரிக்க வெப்பமண்டலக் கரையோரங்களிலிருந்து வந்த செடி. அங்கே ஈர மணலில் நிற்பது, நம் செம்மண்ணிலும் சாலை நடுத்திட்டிலும் களை நெருக்காத இடத்தில் குத்துக் குத்தாகப் பெருகுகிறது. களையெடுப்பு என்பது பயிருக்காக நாம் நடத்தும் போராட்டம் என்பதை நம் விவசாயிகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதையே இயற்கை முழுவதற்கும் பொதுவான விதியாக ஹெர்பர்ட் பார்த்தார். இந்தப் பொருளைச் செடிகளின் உலகில் அவரைவிடத் திறமையாக எடுத்துரைத்தவர் இல்லை என்ற கருத்தை டார்வின் தன் நூலில் பதிவு செய்திருக்கிறார்.

கடைசி ஆண்டுகள்

ஸ்போஃபோர்த் தோட்டத்தில் சேர்த்த அறிவு முழுவதையும் 1837-ல் அமரில்லிடேசியே என்ற பெரிய நூலாக்கினார். குடும்பத்தின் விளக்கம், வளர்ப்பு முறை, கலப்பின ஆய்வு மூன்றும் அதில் ஒன்றாக உள்ளன. மறு ஆண்டே அட்டிலா என்ற நீண்ட காவியத்தையும் வெளியிட்டார். காவியம் மறக்கப்பட்டுவிட்டது. கிழங்கு நூல் இன்றும் அறிஞர்களின் மேசையில் இருக்கிறது. 1840-ல் மான்செஸ்டர் தேவாலயத்தின் டீன் என்ற உயர் பதவி கிடைத்தது. புகை சூழ்ந்த ஆலை நகரத்தில் பொறுப்பு என்றாலும் கிழங்குகளை அவர் விடவில்லை. குங்குமப்பூவின் இனமான குரோக்கஸ் பற்றிய ஆய்வை எழுதிக்கொண்டிருந்தார். 1847 மே 28 அன்று லண்டனில் காலமானார். குரோக்கஸ் ஆய்வு அவர் மறைவுக்குப் பின் ஜான் லிண்ட்லியின் கவனிப்பில் அச்சேறியது.

1865-ல் பட்டாணிச் செடி ஆய்வைப் படித்த கிரிகோர் மெண்டல், தனக்கு முன் கலப்பின வேலையில் வாழ்நாளைச் செலவிட்டவர்களின் பட்டியலில் ஹெர்பர்ட்டின் பெயரையும் சொன்னார். கிழங்குச் செடி ஆர்வலர்கள் வழங்கும் உயரிய பதக்கம் அவர் பெயரைத் தாங்குகிறது. ஹெர்பர்ஷியா என்ற சிறு நீலப்பூச் செடியும் அவர் நினைவாகப் பெயர் பெற்றதே. அவர் அடுக்கிய அமரில்லிஸ் குடும்பத்தில் இன்றைய தாவரவியல் சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் சேர்த்திருக்கிறது. நம் சமையல்கட்டும் அந்தக் குடும்பத்துக்குச் சொந்தமாகிவிட்டது.

வளர்ப்போர் கவனத்துக்கு

ஸ்பைடர் லில்லி வளர்க்க நினைப்பவர்களுக்கு ஹெர்பர்ட்டின் வழி இன்றும் உதவும். முதலில் உங்களிடம் இருப்பது எது என்று பாருங்கள். நடுவில் சவ்வுக் கிண்ணமும் பச்சைச் சதை விதையும் இருந்தால் ஹைமினோகாலிஸ். கிண்ணம் இல்லாமல், தண்டுபோல் நீண்ட பெரிய கிழங்கு இருந்தால் விஷமூங்கில். இலையே இல்லாமல் பூத்தண்டு மட்டும் எழுந்து, பூ உதிர்ந்த பின் இலை வந்தால் லைகோரிஸ். அது குளிர்ப் பருவம் உள்ள நாடுகளின் செடி, நம் சமவெளிக்கு ஏற்றதல்ல.

ஹைமினோகாலிஸைப் பெருக்க விதையைவிடப் பக்கக் கிழங்குகளைப் பிரித்து நடுவதே எளிது. கிழங்கின் கழுத்து மண்மட்டத்தில் இருக்கும்படி, சுமார் ஒன்றரை அடி இடைவெளி விட்டு நடலாம். வெயிலும் பாதி நிழலும் ஒத்துக்கொள்ளும். மட்கிய தொழுவுரமும் தொடர்ந்த ஈரமும் இருந்தால் பூ கூடும். குத்து மிகவும் நெருங்கினால் பூ குறையும். அப்போது தோண்டிப் பிரித்து நட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. இந்த மூன்று செடிகளின் கிழங்கிலும் லைகோரின் என்ற நச்சு உள்ளது. ஹெர்பர்ட் வைத்த லைகோரிஸ் என்ற பெயரிலிருந்தே நஞ்சுக்கும் பெயர் வந்தது. தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். கால்நடைகள் பொதுவாக இவற்றைத் தொடுவதில்லை. அதனால்தான் எலி, அகழெலித் தொல்லையைத் தவிர்க்க ஜப்பானிய உழவர்கள் வரப்பில் நட்டார்கள். நம் வீடுகளில் வெங்காயம் என்று நினைத்துக் குழந்தைகள் எடுத்துவிடாதபடி, தோண்டிய கிழங்குகளைத் தனியே வைப்பது நல்லது. ஒரே குடும்பம் என்றாலும் ஒன்று உணவு, மற்றொன்று நஞ்சு.